பாட்டு இல்லாத இடத்தைக் கேளுங்கள்

வாரத்துக்கு ஒருவராவது போனில் கேட்டுவிடுகிறார்கள். "சார், சொந்தமா பாட்டு எடுத்து நெட்டுல போடுறோம். ஸ்டூடியோவுக்குக் குடுக்க வசதியில்ல. தானாவே மாஸ்டரிங் பண்ணிக் குடுக்கிற வெப்சைட்டுல எது மலிவு, எது நல்லது?" நானும் சளைக்காமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அந்தக் கேள்வி வந்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் போனில் விளக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாஸ்டரிங் என்றால் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. குரலையும் வாத்தியங்களையும் கலந்து முடித்த பாட்டை, ஊருக்குள் விடுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை சீர்செய்வதுதான் அது. மெலிந்த சத்தத்தைத் தூக்கிவிட வேண்டும், துருத்துகிற சத்தத்தைத் தட்டி அடக்க வேண்டும், கல்யாண வீட்டு மைக்செட்டிலும் சின்னப் போனிலும் பாட்டு ஒழுங்காகக் கேட்க வேண்டும். கட்டி முடித்த வீட்டுக்குக் கடைசிப் பூச்சு பூசுகிற மாதிரி. வேலை பார்த்த காலம் முழுக்க நான் பூசிக்கொண்டிருந்தேன்.

நான் பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஓட்டின்மேல் காக்கை உட்கார்ந்தாலும் எழுந்து பார்க்கிற ஆள் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். இந்தத் தொழிலில் நான் தாக்குப்பிடித்ததே அந்தப் பயத்தால்தான். ஒரு பாட்டைக் கையைவிட்டு அனுப்பினால் திரும்பப் பிடிக்க முடியாது. தைரியசாலிகள் எல்லாம் சீக்கிரமே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் மிளகாயும் கம்பும் போட்டு வானத்தைப் பார்த்த வீடு எங்களுடையது. மழை ஏமாற்றிய ஒரு வருஷம் அப்பா என்னை மதுரையில் ஒரு கேசட் கம்பெனியில் கொண்டுபோய் விட்டார். டீ வாங்கினேன், ரீல் சுற்றினேன், வயர் பற்றவைத்தேன், ஒருநாள் மேஜைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். கற்றுக்கொண்ட கதையில் சுவாரசியமாகச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. சொல்ல வேண்டியது அங்கே தலைமை ஒலிப்பதிவாளராக இருந்த சுந்தரம் சாரைப் பற்றி.

சுந்தரம் சார் யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. திட்டும்போதுகூட மரியாதை குறையாது, அதனாலேயே அவர் திட்டு கூடுதலாக வலிக்கும். பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் செருப்பை வெளியே விட்டுவிடுவார், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போடுவார். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்காருவார். பாட்டு நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. முடிந்ததும் திரும்பி ஒரே கேள்விதான். "முழுசாக் கேட்டீங்களாய்யா?"

அவருடைய முறை இது. முதலில் பெரிய ஸ்பீக்கரில் பாட்டைக் கேட்க வேண்டும். பிறகு டீக்கடை ரேடியோ மாதிரி ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார், அதில் கேட்க வேண்டும். கடைசியாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை முழுக்கத் திறந்துவைத்து, பாட்டே இல்லாத இடங்களை மட்டும் கேட்க வேண்டும். பாட்டு தொடங்குவதற்கு முந்தைய மூச்சு, சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் இருக்கிற சந்து, எல்லாரும் வாசித்து முடித்த பிறகு வருகிற அமைதி. "பாட்டைப் பாடுனவுக பாத்துக்கிருவாக. நீங்க பாட்டு இல்லாத எடத்தக் கேளுங்க. அங்கதான் வீட்டு விவகாரமெல்லாம் கெடக்கும்" என்பார்.

ஒரு கோயில் பொங்கலுக்காகப் போட்ட பக்திப் பாடல் கேசட்டில் அவர் சொன்னதன் அர்த்தம் புரிந்தது. கடைசிப் பாட்டு முடிந்து உறுமிச் சத்தம் அடங்கிப்போகிற இடம். பெரிய ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. சுந்தரம் சார் தன் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். அம்மனுக்குப் பாடி முடித்த கையோடு மேளக்காரர் பக்கத்து ஆளிடம் கேசட்டுக்குக் காசு போட்ட பெரிய மனிதரைப் பற்றி மெதுவாகச் சொல்கிறார், "கஞ்சப் பய, சாப்பாடுகூடப் போடல." அது அப்படியே மைக்செட்டில், அந்தப் பெரிய மனிதர் பரிவட்டம் கட்டி நிற்கிற நேரத்தில் ஊருக்கே கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சார் சிரிக்கவில்லை. "இந்தச் சீமையில இதுக்கே அருவா எடுத்துருவாகய்யா" என்றார். அன்றிலிருந்து ஒரு பாட்டு முடிந்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய்க் கம்ப்யூட்டர் வந்தது. சுந்தரம் சார் காலமான பிறகு நான் அருப்புக்கோட்டைக்கு வந்து, ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை ஸ்டூடியோ போட்டேன். கீழே யூரியா மூட்டை, மேலே முளைப்பாரிப் பாட்டு. சுற்றுவட்டாரத்தில் யார் பாட்டுப் போட்டாலும் கடைசிப் பூச்சுக்கு என்னிடம்தான் வருவார்கள். பிறகு வலது காதில் ஓயாமல் ஒரு ரீங்காரம் வந்து ஒட்டிக்கொண்டது. காசு வாங்கி வேலை செய்வதை நிறுத்திவிட்டேன். அறையையும் கம்ப்யூட்டரையும் மட்டும் விடவில்லை.

தானியங்கி மாஸ்டரிங் வந்தபோது என்னைத் தெரிந்தவர்கள் எல்லாம், "மெஷின் என்னத்தக் கிழிக்கும் சார்?" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நானே பூசிய ஒரு பழைய பாட்டின் பூசாத பிரதியை எடுத்து ஒரு வெப்சைட்டில் ஏற்றிப் பார்த்தேன். டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டது. கேட்டேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அடிச்சத்தம் இறுக்கமாக, குரல் முன்னால் வந்து நின்றது. அன்று எனக்கு வந்தது பொறாமை இல்லை, பயம்தான். நான் செய்திருந்தால் ஒரு முழுப் பகல் உட்கார்ந்து, பத்து தடவை சந்தேகப்பட்டுச் செய்திருப்பேன். அதற்குச் சந்தேகமே வரவில்லை.

ஆகவே கேட்ட கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இலவசமாகச் செய்து தருகிறவை இருக்கின்றன. பெரும்பாலும் கேட்டுப் பார்ப்பது ஓசி, தரமான பிரதியை இறக்கத்தான் காசு. எப்போதோ ஒரு பாட்டுப் போடுகிறவர்களுக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற இடம் லாபம். மாதம் தவறாமல் போடுகிறவர்களுக்குச் சந்தா லாபம், ஆனால் வேலை முடிந்ததும் சந்தாவை நிறுத்த மறந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் ஒரேயடியாக வாங்கிப் போட்டுக்கொள்கிற மென்பொருளும் உண்டு. எதில் கொடுத்தாலும், பதிவு பண்ணும்போது சத்தம் உச்சத்தில் முட்டிக் கரகரக்கவிடாமல் மேலே கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். சத்தம் எவ்வளவு வேண்டும் என்று குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று பொத்தான் காட்டும். அதிகத்தை அமுக்காதீர்கள். சத்தமாகக் கேட்டால் நல்லாயிருக்கிற மாதிரியே தோன்றும், அது காதின் பலவீனம்.

இதையெல்லாம் நான் முத்துவிடமும் சொன்னேன். முத்து என்று நான் எழுதுவது அவனுடைய நிஜப் பெயர் இல்லை. அவன் மனைவியைச் செல்வி என்று எழுதுகிறேன், அதுவும் நிஜமில்லை.

முத்து அருப்புக்கோட்டையில் ஒரு தறிப் பட்டறையில் வேலை பார்த்தான். குடியிருந்தது திருச்சுழிப் பக்கம் ஒரு சின்ன ஊரில். செல்வி சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவள். முகம் காட்டாமல், வேறு பெயரில், ஒரு பனைமரப் படத்தைப் போட்டு நெட்டில் விடுவார்கள். பட்டறையின் நூல் அறையில், சுற்றிலும் நூல் கட்டுகளை அடுக்கிவைத்து எதிரொலி இல்லாமல் போனிலேயே பதிந்திருந்தார்கள். கேட்டு அசந்துவிட்டேன். காசு செலவழித்துக் கட்டிய ஸ்டூடியோக்களில்கூட அவ்வளவு அடக்கமான அறை கிடைக்காது.

எதற்கு முகத்தை மறைக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். இருவரும் என் அறையில்தான் இருந்தார்கள். முத்து தரையைப் பார்த்தான், செல்விதான் சொன்னாள். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்கள் அவர்கள். அவள் வீட்டில் அதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் ஊர் ஊராகத் தேடுகிறான். கிடைத்தால் என்ன செய்வான் என்பதை அவள் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

"அப்புறம் எதுக்குத்தா பாட்டு? வாய மூடிக்கிட்டு இருந்துட்டா நல்லதுல்ல?" என்றேன். எனக்குப் பயத்தில் கோபமே வந்துவிட்டது.

"எங்கம்மா கேப்பாக ஐயா. நான் உசுரோட இருக்கேன்னு எப்படித் தெரியும் அவுகளுக்கு?" என்றாள். பிறகு, "குரலைக் கேட்டா நான்னு அண்ணனுக்கும் தெரியத்தான் செய்யும். தெரிஞ்சிட்டுப் போகுது. குரலை வச்சு ஊரைக் கண்டுபிடிக்க முடியாதுல்ல?" என்று கேட்டாள்.

முடியாது என்று சொன்னேன். அப்போது அதுதான் எனக்குத் தெரிந்த உண்மை.

செல்வி நிறைமாசமாக இருந்தபோது ஒரு தாலாட்டுக் கட்டினாள். அம்மாவுக்குச் சேதி சொல்ல அதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்திருக்கிறாள். பஸ்ஸில் அருப்புக்கோட்டை வரை வர முடியாத உடம்பு, அதனால் வீட்டிலேயே, ஜன்னலை அடைத்துப் போர்வை கட்டித் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். இந்தப் பக்கத்துத் தாலாட்டில் தாய்மாமன் வந்தே ஆக வேண்டும். தொட்டில் கொண்டுவர மாமன், காப்புப் போட மாமன், பிள்ளை அழுதால் சமாதானம் சொல்ல மாமன். மாமன் இல்லாமல் பாடினால் அதைத் தாலாட்டு என்றே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இவள் பிள்ளைக்கோ மாமன் என்றால், அரிவாளோடு தேடிக்கொண்டிருக்கிற அண்ணன்.

முத்து போனில் அனுப்பிவைத்ததைக் கேட்டேன், அவள் இப்படிப் பாடியிருந்தாள். பொன்னுல தொட்டி வேணாம், பூவுல மெத்தை வேணாம், ஒருநாளு வந்துட்டுப் போகச் சொல்லு உன் மாமன. அந்த 'மாமன' என்ற சொல்லோடு குரல் நின்றுவிட்டது. அழுதாளா, மூச்சு முட்டியதா தெரியாது. நீளமான ஒரு மௌனம். பிறகு அடுத்த அடியை எடுத்துப் பாடுகிறாள். அந்த மௌனத்தை வெட்டிச் சுருக்கிவிடலாமே என்று போனில் கேட்டதற்கு முத்து ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம் சார். அந்த எடந்தான் பாட்டே" என்றான். சரிதான் என்று எனக்கும் பட்டது.

அவனாகவே வெப்சைட்டில் ஏற்றினான். நடுத்தரம் வை என்று சொல்லியிருந்தேன், அவன் அதிகத்தை அமுக்கினான். ஏன் என்று பிறகு கேட்டபோது, "அத்தைகிட்ட இருக்கிறது பட்டன் போன் சார். அதுல யாராச்சும் ஏத்திக் குடுத்தாலும் சத்தம் கம்மியாத்தான் கேக்கும். அவுகளுக்கும் காது மந்தம்" என்றான். அந்தக் காரணத்தைக் கேட்ட பிறகு அவனை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாட்டு வெளியானதும் என் போன் ஸ்பீக்கரில் கேட்டேன். கண் கலங்கியது. ஹெட்போன் போட்டுக் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற ஆளுக்கு அந்தக் கடமை இல்லையென்று நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

அதற்கு அடுத்த சில நாட்களில், ஒரு முற்பகலில், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முப்பது வயதைத் தாண்டிய ஆள். வெள்ளைச் சட்டை, ஒழுங்காகச் சீவிய தலை, கையில் போன். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, "வணக்கம் ஐயா" என்றான்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு செல்போன் கடையில சொன்னாக. சத்தம் சம்பந்தமா எதுன்னாலும் நீங்கதான்னு. ஒரு பாட்டு இருக்கு. அதுல நடுவுல என்னமோ பேச்சுக் கேக்குது. என்ன பேச்சுன்னு தெளிவாக்கித் தரணும்."

இப்போது வேலை செய்வதில்லை என்று சொல்லியிருக்கலாம். யாராவது ஒரு பாட்டுக்காரன்தானே என்று போனை வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. செல்வியின் தாலாட்டு.

"மாமன்னு ஒரு வார்த்தை வரும் ஐயா. அதுக்கு அடுத்தாப்புல" என்றான் அவன், என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் பாட்டு நின்றது. சன்னமான பாட்டாக இருந்தால், அதிகப் பொத்தானை அமுக்கினால், மெஷின் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கும். மௌனம் என்று அதற்கு ஒன்றும் கிடையாது, தூக்குவதற்கு இருக்கிற இன்னொரு சத்தம் அவ்வளவுதான். போர்வையைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, தெருக்கோடியில் ஊராட்சி ஆட்டோவில் அறிவிப்புச் செய்கிறார்கள். நாளைக்குக் குடிதண்ணீர் வராதாம். பொதுமக்கள் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்கு முன்னால், மரியாதையாக, நிறுத்தி, ஊராட்சியின் பெயர். போனில் கேட்டால் வெறும் முணுமுணுப்பு. என் ஹெட்போனில் ஊர்ப் பெயர் முழுசாகக் கேட்டது. அந்தப் பெயரை நான் எங்கேயும் எழுதப்போவதில்லை.

ஹெட்போனை அவன் கேட்டு வாங்குவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

பேச்சில் எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது கூர்மையான மேல்பக்கத்துச் சத்தம். அதை வெட்டிவிட்டால் ஆள் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்று தெரியாது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்பக்கத்தை முழுக்க வெட்டினேன், அடிப்பக்கத்தைத் தூக்கினேன். வாழ்க்கையில் எந்தப் பாட்டையும் நான் அப்படிக் கெடுத்ததில்லை. ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். மெத்தைக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

"இவ்வளவுதான் வரும் தம்பி. வெங்காயம் விக்கிற ஆட்டோ போலருக்கு."

அவன் இன்னொரு முறை போடச் சொன்னான். போட்டேன்.

"வெங்காயக்காரன் மூச்சு விடாமக் கத்திக்கிட்டே போவான்ல ஐயா? இவன் நிப்பாட்டி நிப்பாட்டிப் பேசுறான்."

அவனுக்கு நல்ல காது. அவளுடைய காது.

"எதுக்குத் தம்பி இந்தப் பாட்டு?" என்று கேட்டுவைத்தேன். கேட்காமல் இருந்தால்தான் சந்தேகம் வரும் என்று தோன்றியது.

"பாடுறது என் தங்கச்சி" என்றான். குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. "முந்தின பாட்டு ஒண்ணுல தறிச் சத்தம் கேட்டுச்சு. ரொம்ப லேசா, சுவத்துக்கு அங்கிட்டு ஓடுற மாதிரி. தறி ஓடுற ஊரா ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே வாரேன்."

அந்த நூல் அறையை மெச்சியவன் நான். அடக்கமான அறை என்று பாராட்டியவன். தறிச் சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை. காதில் ரீங்காரத்தை வைத்துக்கொண்டு எனக்கு எங்கே கேட்கும்?

பிறகு அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முழுசா ஒருக்காப் போடுங்க ஐயா. நல்ல ஸ்பீக்கர்ல நான் கேட்டதில்ல" என்றான். போட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டான். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

"மாமன்னு சொல்லிட்டு ஏன் நிப்பாட்டிட்டா?" என்றான்.

நான் ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"புள்ள பொறந்துருச்சா, இனிமேத்தானான்னு பாட்டை வச்சுச் சொல்ல முடியுமா ஐயா?"

"அதெல்லாம் பாட்டுல தெரியாது தம்பி."

கிளம்பும்போது வாசலில் திரும்பி நின்றான். "பேச்ச மட்டும் தனியா உரிச்சு எடுக்கிறதுக்குப் போன்லயே ஏதோ ஆப்பு இருக்குன்னு மதுரையில ஒரு பய சொன்னான். ஓசிதானாம். மெஷினை நம்புறதுக்குப் பதிலா, அனுபவப்பட்டவுகளா ஒருத்தரப் பாத்துரலாம்னுதான் உங்ககிட்ட வந்தேன்" என்றான். கும்பிட்டுவிட்டு இறங்கினான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்த்த டீக்கடையில் நின்று, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவன் அங்கிருந்து போகிற வரைக்கும் எனக்குப் போனை எடுக்கவே துணிச்சல் வரவில்லை. அவன் காதுக்கு நான் பேசுவதும் கேட்டுவிடும் என்று பயந்தேன். எதிர்த்த தெருவில் நிற்கிறவனுக்கு எப்படிக் கேட்கும் என்றெல்லாம் அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

அவன் போன பிறகு முத்துவைக் கூப்பிட்டேன். "பாட்டுல ஊர்ப் பேரு கேக்குதுய்யா. அவ அண்ணன் வந்துட்டுப் போறான்."

முத்து, "எந்த எடத்துல சார்?" என்றான்.

"மாமன் வர்ற எடத்துல."

பாட்டை அப்போதே அழித்துவிடுகிறேன் என்றான். அழித்து என்ன பிரயோசனம், அவன் போனில்தான் இருக்கிறதே என்றேன். இன்றைக்கே கிளம்புங்கள் என்றேன். எங்கே போகிறீர்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள், தெரிந்தால் பயத்திலேயே உளறிவிடுவேன் என்றேன். பின்னால் பாத்திரங்களை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு செல்வி போனை வாங்கினாள். ஏன் கவனிக்கவில்லை என்று என்னைக் கேட்பாள், திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எங்கண்ணன் எப்படி இருக்காக ஐயா? எளைச்சுட்டாகளா?" என்றாள்.

நல்லாத்தான் இருக்கான் என்றேன்.

"அம்மா பாட்டைக் கேட்டாகளான்னு ஏதாச்சும் சொன்னாகளா?"

"நான் கேக்கலத்தா" என்றேன். அதைக் கேட்கத் தோன்றாமல் போனதே என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

நிறைமாசத்துக்காரி, வெயிலில், மூட்டை முடிச்சோடு எந்த பஸ்ஸில் ஏறினாளோ தெரியாது. அதற்குப் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

சில வாரம் கழித்து ஒரு புதிய எண்ணிலிருந்து போன் வந்தது. செல்வியின் அண்ணன்தான். "ஆப்புல போட்டேன் ஐயா. சுத்தமா உரிச்சுக் குடுத்துருச்சு. ஊர்ப் பேரு தெளிவாக் கேக்குது. போய்ப் பாத்தேன், வீடு பூட்டிக் கெடக்கு." பிறகு, "உங்களுக்குக் கேக்காம இருந்துருக்காது ஐயா" என்றான். திட்டவில்லை, மிரட்டவில்லை. வைத்துவிட்டான். அந்தக் குரலில் இருந்தது கோபமா, ஏமாற்றமா, தங்கச்சியைப் பார்க்க முடியாத வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. சத்தத்தை வைத்துப் பிழைத்தவன் நான், அந்த ஒரு குரலை இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தொட்டில் கொண்டுவந்த மாமனைத்தான் விரட்டிவிட்டேனோ என்று சில நாள் தோன்றும். அவன் தறி ஓடுகிற ஊராகத் தேடிவந்த பொறுமையை நினைத்தால், இல்லை, நான் செய்ததுதான் சரி என்று படும். மாடிப்படியில் யார் ஏறினாலும் எழுந்து கதவுக்குப் பின்னால் நிற்கிறேன்.

ஆகவே, கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எந்த வெப்சைட்டில் வேண்டுமானாலும் கொடுங்கள். மலிவானதே போதும். மெஷின் நன்றாகத்தான் செய்யும். ஆனால் திரும்பி வந்ததும் ஹெட்போனைப் போட்டு, சத்தத்தை முழுக்கத் திறந்து, பாட்டு இல்லாத இடத்தைக் கேளுங்கள். உங்கள் காதில் நம்பிக்கை இல்லையென்றால் இன்னொருவரைக் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒளிக்க எதுவும் இல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இருக்கும்.

போன வாரம், வேறொரு பெயரில், ஒரு குளத்துப் படத்தைப் போட்டு ஒரு தாலாட்டு வந்திருக்கிறது. குரல் யாருடையது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹெட்போனை மாட்டி எல்லாச் சந்துகளையும் கேட்டேன். தறி இல்லை, ஆட்டோ இல்லை, பறவைகூட இல்லை. ஓர் இடத்தில் மட்டும் பிள்ளை சிணுங்குகிறது. நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று மூச்சு விட்டேன்.

பிறகு பாட்டைக் கேட்டேன். அப்பா வந்தார், அம்மா வந்தாள், அம்மாவைப் பெற்றவள் வந்தாள். மாமன் வரவே இல்லை. இந்தப் பக்கத்தில் மாமன் இல்லாத தாலாட்டை நான் கேட்டது அதுதான் முதல்முறை. ஹெட்போனைக் கழற்றப் போனவன் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். இதே பாட்டை, இதே மாதிரி இயர்போனைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மாமன் வருகிற அடிக்காக அவனும் எங்கேயோ காத்துக்கொண்டிருப்பான்.